இல்லாத இரண்டு வார்த்தைகள்

ஹெட்மாஸ்டரின் மேஜைமேல் இரண்டு விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று என்னுடையது, மற்றது சகுந்தலாவுடையது. இரண்டிலும் ஒரே கேள்வியில், ஒரே இரண்டு இடத்தில், சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்கான செலக்‌ஷன் பரீட்சை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அதில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் அந்த வருஷம் அதோடு சரி.

நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் நின்றோம். இங்கிலீஷ் வாத்தியார் சீனிவாசன் சார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் எழுதியிருந்த இரண்டு வார்த்தைகளும் இங்கிலீஷிலேயே கிடையாது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். ஒருத்தி எழுதியிருந்தால் தெரியாமல் எழுதியது. முன்னும் பின்னும் உட்கார்ந்த இரண்டு பேர் எழுத்து பிசகாமல் அதையே எழுதியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. அவர் குரலை உயர்த்தவில்லை.

"யார் யாரைப் பார்த்து எழுதினது?"

எனக்கு வெளியே ஒதுங்கப் போக வேண்டும்போல முட்டிக்கொண்டு வந்தது. கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலை ஒவ்வொருத்தராக வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். பார்த்து எழுதினவள் வீட்டில் இருக்கலாம், மற்றவள் பரீட்சைக்குப் போகலாம். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் கிடையாது.

"அப்புறம் ரெண்டு பேரும் அப்பாவை அழைச்சிக்கிட்டு வந்து நில்லுங்க" என்றார்.

சகுந்தலாவின் அப்பா எங்கள் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். என் நைனாவும் அம்மாவும் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நைனா அவரை ஆண்டை என்றுதான் கூப்பிடுவார். அந்த இரண்டு அப்பாக்களும் ஒரே அறையில் ஒரே காரணத்துக்காக நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நாலு கட்டம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, சேரியிலிருந்து போன உங்களுக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். பயத்தில் வந்தது என்பதுதான் பதில்.

சீனிவாசன் சார் கரும்பலகையில் மூன்று கோடு இழுத்து நாலு கட்டம் ஆக்குவார். முதல் கட்டத்தில் டிசைட் என்று எழுதுவார். அடுத்ததில் டிசிஷன், அதற்கடுத்து டிசைசிவ், கடைசியில் டிசைசிவ்லி. எந்த வார்த்தையும் தனியாக வந்ததில்லை, அதற்கு ஒரு குடும்பம் இருக்கிறது, ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை விட்டவன் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கட்சி.

வெள்ளிக்கிழமைதோறும் சோதனை உண்டு. இருபது வார்த்தை. முதல் கட்டத்தை அவர் சொல்வார், மற்ற மூன்றையும் நாம் நிரப்ப வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலமே எனக்கு வாய் கசக்க ஆரம்பித்துவிடும். தொட்டு எழுதும் பேனா அது. உள்ளங்கை வேர்வையில் மை கலைந்து, சரியாக எழுதினதும் தப்பாகத் தெரியும். அதனால் உடுத்தியிருந்த தாவணியின் ஓரத்தில் கையைத் துடைத்துத் துடைத்து எழுதுவேன். அந்த ஓரம் எப்போதும் நீலமாகவே இருந்தது.

இத்தனை பயம் எதற்கு என்றால், எங்கள் தெருவில் அந்த வகுப்பு வரை போன முதல் பெண் நான். தவறினால் திரும்பிப் போக ஒரே இடம்தான் இருந்தது. அது நடவு வயல்.

பம்ப்செட் ரூம்

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டில் மூன்று மைல். ஏரிப் பாசனம் எட்டாத மேட்டுக் கொல்லைகளுக்குக் கரண்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆண்டை கொல்லையில் கிணற்றோரம் புதிதாக ஒரு பம்ப்செட் ரூம் கட்டியிருந்தார்கள். கதவில் மண்டையோடும் இரண்டு எலும்பும் போட்ட தகரம் அடித்திருக்கும். உள்ளே எண்ணெயும் ஈர சிமெண்டும் கலந்த ஒரு வாடை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் போவேன். அம்மா கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் முடிக்கும் வரை தண்ணீர் விழுகிற தொட்டிக்குக் கீழே, வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து படிப்பேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் சகுந்தலா அங்கே வந்தாள். கறிவேப்பிலை பறிக்கிற சாக்கு. வெள்ளிக்கிழமை சோதனையில் இருபதுக்கு நாலு வாங்கியிருந்தாள்.

"எஸ்தர், அந்த வார்த்தைங்கள எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

தாமலில் அவளுடைய தாய்மாமன் இருந்தார். முதல் மனைவி தவறிப்போனவர். பெயிலானால் படிப்பை நிறுத்தி அவருக்குக் கட்டிக்கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்களாம். பாஸானால் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா களைக்கொத்தை நிறுத்திவிட்டு வரப்பைப் பார்த்தாள். ஆண்டை மகள் கேட்டு இல்லை என்று சொன்னாலும் ஆபத்து, சரி என்று சொன்னாலும் ஆபத்து. கடைசியில் அம்மா தலையை அசைத்தாள். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு.

அவள் ரூமுக்குள்ளே சுவரோரம் உட்கார்ந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே. மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. உள்ளே வா என்று இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே எழுந்து வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் நான் அவளை நீ என்பேன். ஊருக்குள் நீங்க என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் படிக்கட்டு வகுப்பில் சேர்ந்ததா, ஊரில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் பேசப் பழகிக்கொண்டேன். 'இப்ப இதச் சொல்லணும்', 'அடுத்தது எழுதலாம்' என்று.

அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். நாலு ஏழாயிற்று, ஏழு பன்னிரண்டாயிற்று. சார் அவள் நோட்டில் 'நன்று' என்று எழுதினார். அம்மாவின் இருமல் கேட்டு நான் வாய்க்காலுக்குள் இறங்கிப் பதுங்கின சாயங்காலங்களும் உண்டு. ஒரு முறை தண்ணீரில் இடுப்பு வரை நனைந்து, வந்தவர் போகும் வரை அப்படியே கிடந்தேன். நோட்டை மட்டும் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

நானே கண்டுபிடித்தது

தை மாத அறுப்புக்கு நாலு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கடைசிப் பட்டியலை சார் அந்த நாலு நாளில்தான் சொல்லி எழுத வைத்திருக்கிறார். சகுந்தலா நோட்டில் முதல் கட்டம் இருந்தது. சார் வேகத்துக்கு அவளால் ஈடு கொடுக்க முடியவில்லை. இரண்டாம் கட்டத்தில் பாதி காலி.

மற்ற பெண்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். நானே நிரப்பினேன்.

எம்ப்ளாய் என்றால் எம்ப்ளாய்மென்ட். என்ஜாய் என்றால் என்ஜாய்மென்ட். அப்படியானால் டெஸ்ட்ராய்க்கு டெஸ்ட்ராய்மென்ட். அரைவ் என்றால் அரைவல், சர்வைவ் என்றால் சர்வைவல். பிலீவுக்கு பிலீவல்.

பிலீவல் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, இது சரிதானா என்று சகுந்தலா கேட்டாள். சார் சொன்னபோது ஏதோ சின்னதாக முடிந்த மாதிரி ஞாபகம் என்றாள். சரிதான் என்றேன். எனக்குள் லேசாக ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அவள் ஒரு தடவை என்னை நம்பாமல் போனால், படியில் உட்காருவதை விட்டுவிட்டு உள்ளே எழுந்து போய்விடுவாள் என்று பட்டது. அவள் அந்த இரண்டையும் மூன்று மூன்று தரம் எழுதினாள்.

நைனா நின்ற வெயில்

அப்பாவை அழைத்து வா என்ற பேச்சு எனக்கு ஏன் அப்படி நடுக்கம் கொடுத்தது என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஆறு வயது இருக்கும். ஆண்டை தோப்பில் கீழே விழுந்துகிடந்த ஒரு மாங்காயை எடுத்தேன். கடிக்கக்கூட இல்லை. தோப்புக் காவல்காரர் என்னை ஒன்றும் செய்யவில்லை. உன் அப்பனைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

நைனா வந்தார். மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். களத்து நடுவில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். வெயில் ஏறி இறங்கும் வரை நின்றார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நெல் காயப்போடுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி. நான் களத்து ஓரத்தில் அந்த மாங்காயோடு உட்கார்ந்திருந்தேன். அதைக் கீழே போடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நைனா தண்ணீர் மட்டும் கேட்டார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அன்று சாயங்காலம்

வழக்கமாக சகுந்தலா ரோட்டின் ஒரு ஓரமும் நான் மறு ஓரமுமாக, பத்தடி இடைவெளியில் நடப்போம். ஹெட்மாஸ்டர் விசாரித்த அன்று அவள் என் பக்கம் வந்து நடந்தாள்.

பார்த்து எழுதவில்லை, சேர்ந்து படித்தோம் என்று சொல்லிவிடலாம் என்றாள். அதுதானே உண்மை.

நான் நின்றுவிட்டேன். சேர்ந்து படித்தோம் என்றால் எங்கே என்று கேட்பார்கள். உங்கள் பம்ப்செட்டில், உங்கள் படியில், எத்தனை மாதமாக, யார் காவல் இருந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். காப்பி அடித்ததற்குப் பரீட்சைதான் போகும். இதற்கு வேலை போகும், ஒருவேளை குடியிருக்கிற மனைக்கட்டும் போகும். அதை எல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"நீ சொல்லிடாத" என்றேன். ஊர் எல்லையில் நான் அவளை நீ என்றது அதுதான் முதல் தடவை. "எங்க நைனாவ நிக்க வெச்சிடுவாங்க. சொல்லிடாத சகுந்தலா."

அவள் வேகமாக நடந்து முன்னால் போய்விட்டாள்.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெரு சின்னக் கோயிலில் ஜெபத்துக்கு மணி அடித்தார்கள், போனேன். எல்லாரும் மழைக்கும் பிள்ளைகளுக்கும் ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, விடிவதற்குள் சகுந்தலாவுக்குக் கடுமையான காய்ச்சல் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தால் போதும்.

நான் சொன்னது

காய்ச்சல் வரவில்லை. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் எதையோ எழுதிக்கொண்டே, சொல்லு என்றார். நான் மேஜை விளிம்பைப் பார்த்தேன். விளிம்பில் மரம் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் யாரோ குண்டூசி சொருகி வைத்திருந்தார்கள். களத்து வெயில் கண்ணில் நின்றது.

"அவதான் சார் என்னுதப் பார்த்து எழுதினா" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அடிக்கப் பிரம்புகூட எடுக்கவில்லை. அவள் பணக்காரி, அவளுக்கு ஒன்றும் ஆகாது, மாமனாவது இருக்கிறார் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வெளியே அனுப்பினார்கள். சகுந்தலா உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள், நான் மணி அடிக்கிற தண்டவாளத் துண்டைப் பார்த்தேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. நேரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சீனிவாசன் சார் கதவைத் திறந்து என்னையும் வரச் சொன்னார்.

ஒருத்தியைக் கிழக்குச் சுவரைப் பார்த்தும் ஒருத்தியை மேற்குச் சுவரைப் பார்த்தும் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். ஐந்து வார்த்தை சொன்னார். ரிசீவ், அன்னாய், ரிலீவ், அப்ரூவ், டிசீவ். இரண்டாம் கட்டம் மட்டும் எழுதினால் போதும் என்றார்.

எழுதினோம். அவர் இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ரிசீவல், அன்னாய்மென்ட், ரிலீவல், அப்ரூவல், டிசீவல். இரண்டு காகிதத்திலும் அதேதான். ஐந்தில் ஒன்றுதான் சரி.

அவர் காகிதங்களை ஹெட்மாஸ்டர் முன் வைத்தார்.

"இவங்க பார்த்து எழுதல சார். இந்தப் பொண்ணு சொல்றதுதான் நிஜம். ஒருத்தி சொல்லிக் குடுத்திருக்கா, இன்னொருத்தி கத்துக்கிட்டிருக்கா. தப்பு கத்துக்கிட்டதுல இருக்கு."

இந்தப் பொண்ணு என்று அவர் காட்டியது சகுந்தலாவை. அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பம்ப்செட், படி, சாயங்காலம், எல்லாம்.

ஹெட்மாஸ்டர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் சொன்ன பொய்யைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு பேரையும் பரீட்சைக்கு அனுப்புவதாகச் சொல்லி, போகச் சொன்னார். அப்பாக்களை அழைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

பாராட்டு

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். சந்தையில் ஆண்டையைப் பார்த்தபோது, உங்கள் பெண் நன்றாக முன்னேறிவிட்டாள், உங்கள் ஊர் எஸ்தர்தான் தினமும் உங்கள் பம்ப்செட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று பாராட்டிச் சொல்லியிருக்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான்.

அன்றே பம்ப்செட் ரூமுக்குப் பூட்டுத் தொங்கியது. சகுந்தலா பள்ளிக்கூடம் வருவது நின்றது. மறுநாள் காலை நைனாவுக்கு ஆள் வந்தது.

அவர் மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள், எங்கே போவது என்று தெரியாமலே. நான் தெருமுனையில் நின்று களத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து களம் தெரியாது. இருந்தும் பார்த்தேன்.

வெயில் ஏறுவதற்குள் நைனா திரும்பிவிட்டார். மனைக்கட்டைப் பற்றிப் பேச்சில்லை, இனிமேல் நம்மை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நீ சொல்லிக் குடுத்தியா?"

ஆமாம் என்றேன்.

அவர் காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"சரியா சொல்லிக் குடுத்தியா?"

"ரெண்டு வார்த்த தப்பா சொல்லிட்டேன் நைனா."

அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இனிமேல் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்படி சொன்னார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து வேலை தேடி மானாம்பதிக்கு நடந்து போய் வந்தார், அம்மாவும் கூடப் போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதே என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

கடைசிப் பரீட்சை

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேருமே பாஸ். நான் டிரெயினிங் போய் டீச்சர் ஆனேன், அதை எல்லாம் வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். சகுந்தலாவை அந்த ஆவணியிலேயே தாமலுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கொடுத்த வாக்கை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பரீட்சை நாட்களில் அவள் கூண்டு வண்டியில் வருவாள். அவள் அம்மா கூடவே வந்து, பரீட்சை முடியும் வரை வண்டிக்குள்ளேயே காத்திருப்பார். ஹாலில் எனக்கு நேர் முன் இடம் அவளுக்கு. அத்தனை நாளும் அவள் முதுகை மட்டும் பார்த்தேன்.

கடைசி நாள் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது தண்ணீர்த் தொட்டியிடம் அவள் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். எனக்காகத்தான் நின்றாள் என்று கிட்டே போனதும் தெரிந்தது.

ஹெட்மாஸ்டர் அறையில் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவள் கேட்கவில்லை.

"நீ சொன்னத ஹெட்மாஸ்டர் முதல்லயே என்கிட்ட சொல்லிட்டாரு. அப்புறந்தான் என்னக் கேட்டாரு" என்றாள்.

நான் தாவணி ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பயந்துட்டே. தெரியும். நானுந்தான் பயந்துகினு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. மற்ற பெண்களிடம் பேப்பர் எப்படி என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "ஆனா நான் உன்னக் காட்டிக் குடுக்கல."

காட்டிக்கொடுக்கவில்லைதான். அவள் சொன்ன உண்மையால்தான் எங்களுக்கு வேலை போயிற்று. ஆனாலும் அவள் சொன்னதில் என்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்ன பொய்யில் அவள்மேல் முழுக் குற்றமும் இருந்தது.

மன்னித்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அவள் தோளுக்கு அப்பால் கூண்டு வண்டியின் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது விலகி அவள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒன்றுதான் எனக்கு இருந்தது.